தவில் வீடியோவில் பன்னிரண்டு வினாடி: ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும் வழி

ஆடுதுறைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னக் கணினிக் கடை. நகல் எடுத்துக் கொடுப்பது, சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுவது, மூச்சு நின்றுபோன மடிக்கணினிக்கு மறுபடி மூச்சு வரவைப்பது, இவைதான் தொழில். பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. அங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் திருவாவடுதுறை. ஆகவே என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வாசிப்போடு ஏதாவது ஓர் உறவு இருக்கும்.

போன ஐப்பசியில் ஒருவர் தன் அக்காள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பதினான்கு வயது, தவில் பழகுகிறான். வாத்தியார் வாசித்ததைக் கைபேசியில் எடுத்து வைத்திருந்தார்கள். நாற்பது நிமிட வீடியோ. பையனுக்கு வேண்டியது அதன் நடுவில் வரும் ஒரு தீர்மானம், அதாவது மூன்று முறை திரும்பி வந்து வாசிப்பை முடிக்கும் சொற்கட்டு, பன்னிரண்டு வினாடி. அதைக் கேட்க, திரையின் அடியில் ஓடும் கோட்டை விரலால் பின்னுக்கு இழுப்பான். நாற்பது நிமிடம் விரற்கடை நீளக் கோட்டில் அடங்கியிருந்தால், விரல் ஒரு மயிரிழை நகர்ந்தாலே அரை நிமிடம் தாவிவிடும். ஒரு தடவை முன்னால் போய் விழும், ஒரு தடவை பின்னால். வாசிப்பதற்குப் போக வேண்டிய நேரம் தேடுவதற்கே போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்த இடம் மட்டும் தானாகத் திரும்பத் திரும்ப ஓடுமா?" என்று கேட்டான்.

ஓடும். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. பொத்தானைக் காட்டிக் கொடுக்க எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. துண்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று கண்டுபிடிக்கத்தான் அவனுக்கும் எனக்கும் சேர்ந்து ஒரு வாரம் ஆயிற்று. அதனால் இந்தக் கட்டுரையில் பொத்தானுக்கு ஒரு பங்கும், வெட்டும் இடத்துக்கு இரண்டு பங்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்த ஆசை புதிதல்ல. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் இசைத்தட்டில் வந்த காலத்தில், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டின் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். வேண்டிய பிடி போய்விட்டால் ஊசியைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும். தட்டில் கீறல் விழுந்து ஒரே இடம் தானாகச் சுற்றினால் அதைக் குறை என்பார்கள். நமக்கு இப்போது அந்தக் கீறல்தான் வேண்டும். வேண்டிய இடத்தில், வேண்டிய நேரம் மட்டும். கேசட் காலத்தில் நானே பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றியவன். அதைப் பற்றிப் பேசினால் கட்டுரை முடியாது.

எந்தப் பிளேயர்?

கணினியில் விஎல்சி போதும். சாலையில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே, ஆரஞ்சு நிறக் கூம்பு, அதுதான் அதன் அடையாளப் படம். 1996இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கி, 2001இல் யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தோடு வெளிவந்தது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. இறக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அதே கூம்பைப் போட்டு வேறு எதையாவது சேர்த்து விற்கும் தளங்கள் உண்டு. அப்படி இறக்கிய கணினியைச் சுத்தம் செய்து கொடுத்துத்தான் நான் மாதா மாதம் கொஞ்சம் சம்பாதிக்கிறேன் என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

யூடியூபில் வீடியோமேல் வலது சொடுக்கினால் லூப் என்று ஒன்று வரும். அது முழு வீடியோவையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டும். நாற்பது நிமிடப் பாடத்தில் பன்னிரண்டு வினாடி வேண்டும் நமக்கு அது உதவாது. ஆகவே வீடியோ உங்கள் கணினியில் கோப்பாக இருக்கட்டும். வாத்தியார் வாசிப்பதை நீங்களே எடுத்த வீடியோவாக இருந்தால் மிக நல்லது. எடுக்கும் முன் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் கைபேசியை நீட்டினால் சில பெரியவர்கள் அன்றைக்குப் பாடத்தையே நிறுத்திவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

பொத்தான் எங்கே இருக்கிறது?

விஎல்சியைத் திறந்தால் அந்தப் பொத்தான் கண்ணில் படாது. ஒளித்து வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள மெனு வரிசையில் 'வியூ' என்பதைத் திறந்து, அதில் 'அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். கீழே, ஓட்டும் பொத்தானுக்கு மேலே, நான்கு சின்னப் பொத்தான்கள் புதிதாக முளைக்கும். முதலாவது சிவப்பு வட்டம், பதிவு செய்ய. இரண்டாவது, ஓடும் காட்சியைப் படமாகப் பிடிக்க. மூன்றாவதில் ஏ, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். நமக்கு வேண்டியது அதுதான். நான்காவது காட்சியை ஒவ்வொரு சட்டமாக, அதாவது வீடியோவில் அடுத்தடுத்து வரும் அசையாப் படம் ஒவ்வொன்றாக, நகர்த்தும். ஒரு முறை இப்படி வரவழைத்துவிட்டால் அடுத்த முறை திறக்கும்போதும் அங்கேயே இருக்கும்.

மெனு வரிசையே காணவில்லை என்று இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். கண்ட்ரோலையும் ஹெச் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், வந்துவிடும். எப்போதோ கை தவறி அதையே அழுத்தித்தான் மறைத்திருப்பீர்கள்.

இனி வேலை இப்படி:

வீடியோவை ஓடவிட்டு, வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் வந்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துங்கள். ஏ-பி பொத்தானை ஒரு முறை சொடுக்குங்கள். ஏ எழுத்து நிறம் மாறும், தொடக்கம் பதிந்துவிட்டது. மறுபடி ஓடவிடுங்கள். துண்டு முடியும் இடம் வந்ததும் அதே பொத்தானை இரண்டாவது முறை சொடுக்குங்கள். வீடியோ உடனே தொடக்கத்துக்குத் தாவி ஓட ஆரம்பிக்கும். அந்தத் தாவல்தான் வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம். வேறு செய்தி எதுவும் திரையில் வராது. போதும் என்று தோன்றினால் மூன்றாவது முறை சொடுக்குங்கள், சுற்று கலைந்து வீடியோ நேராகப் போகும்.

பக்கத்திலேயே இரண்டு வளைந்த அம்புகள் போட்ட இன்னொரு பொத்தான் இருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் முதலில் அதைத்தான் அழுத்துகிறார்கள். அது முழுக் கோப்பையும் திரும்ப ஓட்டுவதற்கானது. பின்னால் அதற்கும் ஒரு வேலை வரும்.

ஏன் நிறுத்திவிட்டு ஏ-யைச் சொடுக்கச் சொல்கிறேன்? ஓடும்போதே சொடுக்கினால், காது கேட்டு, மனம் முடிவு செய்து, விரல் இறங்குவதற்குள் அந்தத் தட்டு போயிருக்கும். அதுவும் தவிலில், ஒரு கண் சிமிட்டலில் நான்கு சொல், அதாவது நான்கு தட்டின் ஓசை, போய்விடும். நிறுத்தி வைத்தபின் இன்னும் நுட்பமாக நகர வேண்டும் என்றால் ஆங்கில இ விசை ஒரே ஒரு சட்டம் முன்னால் தள்ளும். கைபேசி வீடியோ வழக்கமாக வினாடிக்கு 30 சட்டம். ஆக ஒரு தட்டலுக்கு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நகர்கிறீர்கள். பின்னால் ஒரு சட்டம் போக விஎல்சியில் வழி இல்லை. தாண்டிவிட்டால் ஷிஃப்டும் இடது அம்பும் சேர்த்து அழுத்தி மூன்று வினாடி பின்னால் போய், மறுபடி நெருங்கி வர வேண்டும். ஆல்ட்டும் அம்பும் பத்து வினாடி. கண்ட்ரோலும் அம்பும் ஒரு நிமிடம். நாற்பது நிமிட வீடியோவுக்கு இந்த மூன்றையும் விரலுக்குப் பழக்கிக்கொண்டால் மவுஸைத் தொடவே வேண்டாம். இடத்தின் நேரம் ஏற்கெனவே தெரியும் என்றால் கண்ட்ரோலும் டி (T) எழுத்தும் அழுத்தி, நேரத்தை எண்ணாலேயே கொடுத்து அங்கே போய் இறங்கலாம்.

எங்கே வெட்டுவது

பையன் முதல் நாள் செய்த காரியத்தைச் சொல்கிறேன். தீர்மானத்தின் முதல் சொல்லில் ஏ, கடைசிச் சொல்லில் பி. கச்சிதம் என்றுதான் நானும் நினைத்தேன். ஓடவிட்டால் ஒரே அலங்கோலம். தீர்மானம் முடிந்த மறுகணம் முதல் சொல் வந்து விழுகிறது. கையை எடுத்து வைக்க இடமில்லை, மூச்சு விட இடமில்லை, தாளம் எங்கே நிற்கிறது என்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் அடித்த பிறகு அவனுக்குச் சொல் வந்துவிட்டது. ஆனால் வாத்தியாரிடம் போய்த் தாளம் போட்டு வாசித்தால் தொடங்கும் இடத்திலேயே தட்டுக் கெட்டது.

காரணம் எளிது. சொல்லை மட்டும் வெட்டி எடுத்தான், தாளத்தை வெளியே விட்டுவிட்டான். நாற்றைப் பிடுங்கும்போது வேரோடு ஒட்டிய மண் கொஞ்சம் வர வேண்டும் அல்லவா, அதுபோல.

பிறகு இப்படி மாற்றினோம். ஏ-யைத் தீர்மானம் தொடங்கும் இடத்தில் வைக்காமல், அதற்கு முந்தைய ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) சமத்தில் (அந்தச் சுற்றின் முதல் தட்டு) வைத்தோம். தீர்மானம் அரை இடத்தில் எடுக்கிறதா, முக்கால் இடத்தில் எடுக்கிறதா என்பதைப் பற்றிக் கவலை இல்லை. சமத்திலிருந்து தாளம் போட்டுக்கொண்டே வந்தால் எடுக்கும் இடம் தானாகக் கைக்கு வரும். பி-யை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தீர்மானம் மூன்று முறை வந்து சமத்தில் இறங்குகிறது என்றால், அந்த இறங்கும் தட்டு அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அட்சரம், அதாவது முதல் எண்ணிக்கை. ஆவர்த்தனம் முடிகிறதே என்று அங்கேயே பி-யை வைத்தால் இறங்கும் தட்டு வெட்டுப்பட்டுப் போகும். பழகுகிறவனின் கை அந்த இறக்கம் இல்லாமலே பழகிவிடும், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே இறக்கத்தைத் தாண்டி இன்னும் இரண்டு மூன்று அட்சரமாவது ஓடவிட்டு பி-யை வையுங்கள்.

இன்னும் நல்லது, இறங்கிய பிறகு ஒரு முழு ஆவர்த்தனத்தை விட்டு, அடுத்த சமத்துக்குச் சற்று முன்னால் பி-யை வைப்பது. அப்போது துண்டின் நீளம் முழு ஆவர்த்தனங்களாக இருக்கும். பி-யிலிருந்து ஏ-வுக்குத் தாவும்போது தாளம் அநேகமாக உடையாது; நீங்கள் கையில் போட்டுக்கொண்டே போகலாம். சரிபார்க்க ஒரு கணக்கு: ஆதி தாளத்தில் 8 அட்சரம். அட்சரத்துக்கு ஒரு வினாடி என்றால் ஒரு களையில் ஓர் ஆவர்த்தனம் 8 வினாடி; ஒவ்வோர் அட்சரமும் இரு மடங்காக நீளும் இரண்டு களையில் 16. ஒரு களையில் உங்கள் துண்டு 8, 16, 24 என்று வராமல் 21 என்று வந்தால் எங்கோ தப்பாக வெட்டியிருக்கிறீர்கள். காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) வேறு என்றால் எண்ணும் மாறும். ஒரே ஓர் ஆவர்த்தனத்தை அளந்து அதன் மடங்காகப் பாருங்கள். மனிதர் வாசிப்பது கடிகாரம் அல்ல, நாலைந்து ஆவர்த்தனத்தில் சற்று முன்னே ஓடியிருப்பார். அரை வினாடி வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள்.

அநேகமாக உடையாது என்றேன். தாவும் இடத்தில் மிகச் சிறிய தடுக்கல் சில கோப்புகளில் இருக்கும். அது உங்கள் கணினியின் கோளாறு அல்ல. வீடியோவில் எல்லாச் சட்டமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. இடம் மிச்சம் பிடிக்க, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில சட்டங்களை மட்டும் முழுதாக வைத்துவிட்டு, நடுவில் உள்ளவற்றுக்கு முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைப்பார்கள். வாய்க்காலில் மதகு இருக்கும் இடத்தில்தான் தண்ணீரைத் திறக்க முடியும்; நடுவில் இருக்கும் வயலுக்கு மதகிலிருந்து ஓடித்தான் வர வேண்டும். பிளேயரும் அப்படித்தான், ஏ-வுக்கு முன்னால் இருக்கும் முழுச் சட்டத்துக்குப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு ஏ-வுக்கு வருகிறது. மதகு தூரமாக இருந்தால் வருவதற்கு நேரம் பிடிக்கும். படம் ஒரு கணம் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் காரணம் இதுவே. ஏ-யை அரை வினாடி முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கைபேசிக்குக் கைபேசி அனுப்பி அனுப்பிச் சுருங்கிப்போன பிரதியை விட, எடுத்த கைபேசியிலிருந்தே கம்பி வழியாக ஏற்றிய மூலக்கோப்பு நன்றாக நடந்துகொள்ளும்.

துண்டு எவ்வளவு நீளம் இருக்கலாம்? என் அனுபவத்தில் முப்பது வினாடிக்குமேல் போனால் கேட்கிறோமே தவிரப் பழகுவதில்லை. ஐந்து வினாடிக்குக் கீழே போனால் சொல் செத்துப்போகிறது, வெறும் ஓசையாகிவிடுகிறது. பக்கத்துக் கடைத் தையற்காரர் இதற்குச் சாட்சி. எங்களுக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பையன் ஒரு நாள் மூன்று வினாடித் துண்டு ஒன்றை முழு மதியமும் ஓடவிட்டான். மாலையில் அவர் வந்து, "தம்பி, என் மிஷினும் அதையே தைக்க ஆரம்பித்துவிட்டது, காதுக்கு மாட்டிக்கொள்" என்றார். காதொலிக் கருவி வாங்கியது அன்றைக்குத்தான். கம்பி உள்ளதாக வாங்குங்கள். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். படத்தில் குச்சி இறங்கிய பிறகு தட்டு கேட்டால் எதைப் பின்பற்றுவது?

வேகத்தைக் குறைப்பது

விஎல்சியில் சதுர அடைப்புக்குறி விசைகள் வேகத்துக்கானவை. [ ஒரு முறை அழுத்தினால் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும், ] அழுத்தினால் கூடும். சமக்குறி விசை பழைய வேகத்துக்குக் கொண்டுவரும். மூன்று முறை [ அழுத்தினால் எழுபது விழுக்காட்டு வேகம், தவில் பாடத்துக்கு அங்கே தொடங்கலாம் என்பது என் கணிப்பு. பாதிக்குக் கீழே போனால் தட்டுகள் இழுபட்டு, உலோகத் தகட்டைத் தேய்ப்பதுபோல ஒலிக்கும்.

நாகஸ்வரமோ வாய்ப்பாட்டோ பழகுகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகம் குறைந்தால் சுருதியும் குறையுமா? பழைய இசைத்தட்டில் குறையும். பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். விஎல்சி ஒலியை நீட்டுமே தவிரச் சுருதியை இறக்காது. இறங்குகிறது என்றால் யாரோ அந்த அமைப்பை எடுத்திருக்கிறார்கள். கண்ட்ரோலும் பி (P) எழுத்தும் அழுத்தி, 'ஆடியோ' பக்கத்தில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' என்று வரும் கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சரிபார்க்காமல் ஓர் அம்மாள் பத்து நாள் தன் பெண்ணின் சுருதிப் பெட்டியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

வேகத்தை ஏற்றும்போது அவசரம் வேண்டாம் என்று பையனின் வாத்தியாரே சொல்லி அனுப்பினார். எழுபதில் பிசகில்லாமல் வந்தால் எண்பது. எண்பதில் கை திணறினால் வேகத்தைக் குறைக்காமல் துண்டைக் குறை என்பது அவர் வழி. அதாவது திணறும் அந்த ஒரு சொற்கட்டை மட்டும் புது ஏ-பி போட்டு எடுத்து, சரியானதும் மறுபடி முழுத் தீர்மானத்துக்கு வருவது. அவர் விஎல்சியைக் கண்ணால் பார்த்ததில்லை.

வலது இடது குழப்பம்

தவிலில் வலந்தலை என்னும் வலப்பக்கத்தை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வலக்கையாலும், தொப்பி என்னும் இடப்பக்கத்தை இடக்கையில் பிடித்த குச்சியாலும் வாசிப்பார்கள். எதிரில் உட்கார்ந்து எடுத்த வீடியோவில் வாத்தியாரின் வலக்கை திரையின் இடப்பக்கம் இருக்கும். பார்த்துப் பழகும் சிறுவர்களுக்கு இது பெரிய தொல்லை. பரதநாட்டியம் பழகும் பெண்களுக்கும் இதே தொல்லைதான். கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. கண்ட்ரோலும் இ எழுத்தும் அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் 'வீடியோ எஃபெக்ட்ஸ்', அதற்குள் 'ஜியோமெட்ரி', அங்கே 'டிரான்ஸ்ஃபார்ம்' கட்டத்தில் குறி போட்டு, பட்டியலில் 'ஃபிளிப் ஹரிசாண்டலி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாத்தியாரின் வலக்கை உங்கள் வலக்கைப் பக்கம் வந்துவிடும். முதுகுப்பக்கமிருந்து எடுத்த வீடியோவுக்கு இது தேவையில்லை.

வேலை முடிந்ததும் குறியை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் போன ஒரு வீட்டில் இரவு படம் போட்டிருக்கிறார்கள். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி வர, மறுநாள் காலையில் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார் தாத்தா. யாரோ ஏதோ செய்துவைத்துவிட்டார்கள் என்பது அவர் முடிவு. செய்தது பேத்தி என்று நான் காட்டிக் கொடுக்கவில்லை.

மின்சாரம் போனால்

விஎல்சியின் ஏ-பிக்கு ஞாபகம் கிடையாது. வீடியோவை நிறுத்தி மூடினால், அடுத்த கோப்புக்குப் போய்த் திரும்பினால், ஏ-யும் பி-யும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மின்கலம் செத்த மடிக்கணினி என்றால் ஒரு மதிய வேலை ஒரு நொடியில் கலைந்துவிடும்.

இதற்கு இரண்டு பாதுகாப்பு. முதலாவது காகிதம். கோப்பின் பெயர், ஏ-யின் நேரம், பி-யின் நேரம், எந்தச் சொல்லில் தொடங்குகிறது. நான்கு விவரத்தையும் நோட்டில் எழுதிவிட்டால் மறுபடி வைக்க ஒரு நிமிடம்தான். விஎல்சி நிமிடமும் வினாடியும்தான் காட்டும், அதற்கும் கீழே காட்டாது. அதனால்தான் தொடங்கும் சொல்லையும் எழுதச் சொல்கிறேன்.

இரண்டாவது, துண்டைத் தனிக் கோப்பாக வெட்டி வைப்பது. ஏ-பி சுற்றைக் கலைத்துவிட்டு, ஏ-வுக்கு நாலைந்து வினாடி முன்னால் போங்கள். ஓடவிட்டு, அந்தச் சிவப்பு வட்டத்தை அழுத்துங்கள். துண்டு முடிந்து சற்றுக் கழித்து மறுபடி அதையே அழுத்துங்கள். விண்டோஸில் உங்கள் 'வீடியோஸ்' அடைவுக்குள் நீண்ட பெயரோடு ஒரு புதிய கோப்பு உட்கார்ந்திருக்கும். பெயரை உடனே மாற்றிவிடுங்கள். பத்துத் துண்டு சேர்ந்த பிறகு எது எது என்று தேடினால் பழைய கதைதான். நாலைந்து வினாடி முன்னால் தொடங்கச் சொன்னது மேலே சொன்ன மதகுக் கணக்கால். பதிவு முழுச் சட்டம் கிடைக்கும் இடத்தில்தான் ஒழுங்காகத் தொடங்கும், முதல் வினாடி சில சமயம் கலங்கலாக இருக்கும்.

இப்போது அந்த வளைந்த அம்புப் பொத்தானுக்கு வேலை வந்துவிட்டது. சிறு கோப்பை ஓடவிட்டு, அம்புப் பொத்தானில் 1 என்ற எண் தெரியும்வரை சொடுக்குங்கள். எல் விசையும் இதையே செய்யும். கோப்பு முடிந்ததும் முதலிலிருந்து ஓடும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும், தாளம் தொடராது. கையை எடுத்து வைத்துக்கொள்ள அந்த இடைவெளியே நல்லது என்று பையன் சொன்னான். எனக்கு ஏ-பி மேல்தான் பிரியம்.

பழைய கணினி, கைபேசி

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காளுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த பெட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதில் விஎல்சி திணறினால் எம்பிவி என்ற பிளேயரைப் போட்டுக் கொடுக்கிறேன். மெனு இல்லை, கிட்டத்தட்டப் பொத்தானும் இல்லை, எல்லாம் விசைப்பலகைதான். சின்ன எல் ஒரு முறை தட்டினால் ஏ, மறுபடி தட்டினால் பி, மூன்றாவது தட்டலில் கலையும். கால்புள்ளி விசை ஒரு சட்டம் பின்னால், முற்றுப்புள்ளி விசை ஒரு சட்டம் முன்னால். விஎல்சியில் இல்லாத அந்தப் பின்னடி இங்கே உண்டு. வேகத்துக்கு இங்கும் சதுர அடைப்புக்குறிகளே. விண்டோஸில் பாட்பிளேயர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருங்கள்: அதில் [ என்பது ஏ, ] என்பது பி, பின்சாய்கோடு கலைக்கும். ஒன்றில் பழகிய விரலை மற்றதில் வைத்தால் வேகம் குறைக்கப் போய்த் துண்டு மாறிவிடும்.

வாசிக்கிறவர்கள் மட்டும்தான் இதைத் தேடி வருகிறார்கள் என்றில்லை. மேட்டூர் திறந்து குறுவைக்கு நடவு தொடங்கும் சமயம், நடவு இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். நாற்றைக் கிள்ளி எடுக்கும் நகத்தைக் கழற்றி மாட்டும் வீடியோ அவரிடம் இருந்தது. வேற்று மொழிப் பேச்சு. எம் விசையைத் தட்டி ஒலியை நிறுத்தினோம். மாட்டும் இடம் ஆறு வினாடி. அவருக்குத் தாளம் வேண்டாம், மூச்சு வேண்டாம். ஏ-பி போட்டுப் பாதி வேகத்தில் நாலு சுற்று, பிறகு இ விசையால் சட்டம் சட்டமாக ஒரு சுற்று, எந்தத் தட்டை முதலில் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டார்.

ஆண்ட்ராய்டு கைபேசியிலும் விஎல்சி உண்டு. வீடியோ ஓடும்போது திரையைத் தொட்டு, ஓரத்தில் வரும் மூன்று புள்ளியைத் தட்டினால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் 'ஏ-பி ரிப்பீட்' இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் தொடக்கத்தைக் குறிக்கவும் முடிவைக் குறிக்கவும் திரையிலேயே வழி காட்டும். வேகம் குறைப்பதும் அதே பட்டியலில்தான். விரலால் மிகத் துல்லியமாகக் குறிக்க முடியாது, அதனால் இரண்டு பக்கமும் ஒரு வினாடி தாராளமாக விட்டு வையுங்கள்.

சாதகத்துக்கு உட்காரும் முன் கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். பையன் இரண்டாவது வாரம் கைபேசிக்கு மாறினான். முதல் நாளே, தீர்மானம் மூன்றாவது முறை வந்து சமத்தில் இறங்கப் போகும் நேரம் பார்த்து, சாப்பிட வரச்சொல்லி அவன் மாமா அழைத்தார்.